தோளுக்கு மேல் எழாத கவசம்

3 நவம்பர், ஞாயிறு

கம்பெனியில் கொடுத்த பழைய டைரி ஒன்று மேசையில் சும்மா கிடந்தது. தேதிகளை அடித்துத் திருத்தி எழுத ஆரம்பிக்கிறேன். கவசப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் எடுக்கும் முடிவுகளுக்குப் பதிவு வேண்டும். சென்னியப்பன் மனம்போன போக்கில் செய்தான் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது.

விவரம் தெரியாதவர்களுக்காக: நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக வரைபடம் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் 'சாம்பல் வளையம்' எழுதுகிறவன். அது பதினோரு பேர் சேர்ந்து ஒன்பது வருடமாக எழுதிவரும் ஒரே கற்பனை உலகம். தண்ணீரும் காற்றும் இல்லாத ஒரு நிலா. அதில் மேற்கரையார், கீழ்க்கரையார் என்று இரண்டு படைகள், ஓயாத போர். யார் வேண்டுமானாலும் அதில் கதை எழுதலாம். ஆனால் ஒருவர் கதையில் செத்தவன் இன்னொருவர் கதையில் டீ குடிக்கக் கூடாது. அதற்காகப் 'பொது ஏடு' என்று ஒன்று கணினியில் வைத்திருக்கிறோம். ஏட்டில் ஏறியது எல்லாரையும் கட்டும். கப்பல்களும் வானொலியும் வெங்கிடுபதியின் பொறுப்பு. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், எங்கள் செயலாளரும் அவரே. சாப்பாடு ஜாபரின் பொறுப்பு. பேக்கரி வைத்திருக்கிறார், ஆகவே இரண்டு படையும் பன்னும் வர்க்கியும் தின்றுதான் சண்டை போடுகிறது. விசைக்கவசம் என்னுடையது.

விசைக்கவசம் என்பது வீரன் உள்ளே புகுந்து நடக்கும் இரும்பு உடுப்பு. நூற்று நாற்பது கிலோ. காலுக்கு ஒரு மோட்டார், ஒவ்வொன்றும் ஐந்து எச்.பி. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். "தண்ணியே இல்லாத நெலாவுலங்களா?" என்று ஜாபர் ஒன்பது வருடமாகக் கேட்கிறார். தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் சீல் எரிந்துபோகும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இன்றைய திருத்தம்: கவசம் இதுவரை முதுகுப்பக்கம் திறந்தது. இன்னொருவர் வந்து தாழ்ப்பாளை நீக்கினால்தான் வீரன் வெளியே வர முடியும். இனி முன்பக்கம் திறக்கும். தன் உடுப்பைக் கழற்ற இன்னொருவன் கையை எதிர்பார்த்து நிற்பது ஒரு வீரனுக்கு அழகில்லை.

பனியன் போடுவதை நிறுத்திவிட்டேன். நவம்பரிலும் புழுக்கமாகத்தான் இருக்கிறது.

6 நவம்பர்

கருணாம்பிகை சமையலறையை மாற்றி அடுக்கியிருக்கிறாள். இருபது வருடமாக மேல் தட்டில் இருந்த டீத்தூள் டப்பா, சர்க்கரை, என் சுகர் மாத்திரை எல்லாம் கீழ்த் தட்டுக்கு வந்துவிட்டன. ஏன் என்று கேட்டேன்.

"கைக்கு எட்டுற எடத்துல இருந்தாத் தேவலைங்க" என்றாள்.

யார் கைக்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

இரண்டு திருத்தங்கள். தலைக்கவசத்தின் கொக்கி இனி இடப்பக்கம். இடக்கை ஒன்றாலேயே கழற்றலாம். காரணம்: வலக்கையில் ஆயுதம் இருக்கும்.

ஒவ்வொரு வீரனுக்கும் பதினெட்டு அங்குல மர ஸ்கேல் ஒன்று வழங்கப்படும். முதுகில் அரித்தால் சொறிந்துகொள்ள. கவசத்துக்குள் அதற்கு ஒரு உறை.

ஜாபர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "மூவாயிரமாவது வருசத்துல மர ஸ்கேலுங்களா?" முதுகு எந்த வருடத்திலும் அரிக்கும் என்று பதில் போட்டேன். மூன்று பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

திருத்தம்: கவசம் அணிந்த வீரர்கள் இடப்பக்கம் ஒருக்களித்து மட்டுமே படுக்க வேண்டும். வலத் தோள்மூட்டில் எடை ஏறினால் எண்ணெய்க் குழாய் நசுங்கும்.

எதற்கும் மறுபேச்சு பேசும் சகாயமேரி டீச்சர் இதற்குக் குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பூரில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். சாம்பல் வளையத்தின் கடைசிப் பாகத்தை அவர்தான் எழுதுகிறார். அதோடு போர் முடிகிறது, அதோடு ஒன்பது வருட வேலையும் முடிகிறது. ஜனவரி இருபதாம் தேதி புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் பதினோரு பேரின் பெயரும் ஒரே அட்டையில் சேர்ந்து வரப்போகும் முதல் புத்தகம் அது. மற்றவர்கள் அடிக்கடி சண்டை போட்டாலும் டீச்சரிடம் மட்டும் யாரும் குரலை உயர்த்துவதில்லை. நானும்தான். அவர் மூளை எனக்குப் பிடிக்கும்.

"எண்ணெய்க் குழாய் எடது தோளுல இல்லீங்களா சார்?" என்று மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

இல்லை என்று பதில் போட்டேன்.

24 நவம்பர், ஞாயிறு

இந்தத் திருத்தத்துக்கு வரைபடமே போட்டேன். ஏட்டில் ஏற்றியது பின்வருமாறு:

'விசைக்கவசம், மாதிரி 4. கை முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தோள் மட்டம் வரை மட்டுமே எழும். அதற்கு மேல் எழாது. இரண்டு படைக்கும் பொருந்தும். முன்தேதியிட்டு அமலாகும்.'

காரணம்: தோள்மூட்டின் சீல் முழுச் சுற்றுக்குத் தாங்காது, காற்று கசியும். தவிர, மேலே என்ன இருக்கிறது? நிலாவில் மரமில்லை, பரண் இல்லை, மேல் தட்டும் இல்லை. எதிரி எதிரில்தான் நிற்பான். கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் ஆகவேண்டும் என்று யாருக்கு என்ன கட்டாயம்?

எழுதி முடித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பதாயிரம் வீரர்கள், இரண்டு படையிலும், ஒருவனாலும் கையைத் தூக்க முடியாது. எல்லாரும் ஒரே மாதிரி.

26 நவம்பர்

குழுவில் ஒரே அமளி. முன்தேதியிட்டு என்று போட்டதால் பழைய கதைகளெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன. ஒருவர் கதையில் கொடியேற்றம் இருக்கிறது. இப்போது கொடியை இடுப்பளவுக் கம்பத்தில்தான் ஏற்ற முடியும். இன்னொருவர் கதையில் மதில் ஏறுகிறார்கள். ஏணியில் அடுத்த படியைப் பிடிக்கக் கை எழவில்லை என்றால் எப்படி ஏறுவது என்று கேட்டார். படிக்கட்டு கட்டிக்கொள்ளட்டும் என்றேன். எதிரிக் கோட்டைக்கு எதிரியே படிக்கட்டு கட்டித் தருவானா என்று கேட்டார். ஏட்டில் அதற்குத் தடை இல்லை.

வெங்கிடுபதி போன் செய்தார். "என்னுங் சார் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? எங் கப்பல்ல மேல இருக்கற லிவரையெல்லாம் எவன் இழுப்பான்?"

"லிவரைக் கீழே வைங்க" என்றேன். வீட்டில் டீத்தூள் டப்பாவை வைக்கவில்லையா.

1 டிசம்பர், ஞாயிறு

டீச்சர் போன் செய்தார். கடைசி அத்தியாயத்தை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டாராம். மேற்கரைத் தளபதி நெடுங்கோ, சாம்பல் வெளியின் நடுவே தனியாக நடந்து வருகிறான். ஆயுதத்தைக் கீழே போடுகிறான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குகிறான். சரணடைகிறான். போர் முடிகிறது.

"இப்ப அவனால கையத் தூக்க முடியாதுங்களே சார்."

"வாயால சொல்லட்டுமே டீச்சர்."

"காத்தில்லாத நெலா. சத்தம் எப்படிப் போகும்?"

"வானொலி?"

"ரெண்டு படைக்கும் வேற வேற அலைவரிசை. ஒண்ணு இன்னொண்ணுல கேக்காதுன்னு வெங்கிடுபதி ஏட்டுல எழுதி அஞ்சு வருசமாச்சு."

"வெள்ளைத் துணி காட்டலாம்."

"தோள் மட்டத்துல புடிச்சா துணி காயப்போடறான்னு நெனைப்பாங்க."

"மண்டி போடச் சொல்லுங்க."

"முட்டி நாப்பது டிகிரிக்கு மேல மடங்காதுன்னு நீங்கதானுங்க சார் போட்டீங்க, ரெண்டாவது வருசத்துல."

படுத்துவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூங்குகிறான் என்றுதானே எதிரி நினைப்பான். சொல்லவில்லை.

"அப்ப இந்தப் போரு முடியவே முடியாதுங்களா சார்?" என்றார் டீச்சர். கோபமாகக் கேட்கவில்லை, கணக்கில் எங்கே தப்பு என்று பார்க்கும் குரலில் கேட்டார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்தேன். முடியாது. இரண்டு படையிலும் கடைசி ஆள் வரை சாக வேண்டியதுதான்.

5 டிசம்பர்

இடக்கையால் பல் தேய்ப்பது மூளைக்கு நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எந்தக் கட்டுரை என்று நினைவில்லை.

8 டிசம்பர், ஞாயிறு

மைத்துனர் துரைசாமி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். கருணாம்பிகையின் அண்ணன். ஆறு வருடத்துக்கு முன் அவருக்குத் தோள் இறுகிப்போய் இரண்டு வருடம் வலக்கை மேலே எழவில்லை. சுகர் இருப்பவர்களுக்கு வருமாம். அப்போது நான் அதற்குச் 'சோம்பேறி நோவு' என்று பெயர் வைத்தேன். விசேஷ வீடுகளில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "மச்சான், ஒரு சல்யூட் அடிங்க பார்க்கலாம்" என்று கூப்பிடுவேன். பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

இன்று கருணாம்பிகை பரணிலிருந்து பித்தளை அண்டாவை எடுத்துத் தரச் சொன்னாள். நான் எழுவதற்குள் துரைசாமி ஸ்டூல் மேல் ஏறி இரண்டு கையையும் மேலே நீட்டி இறக்கிவிட்டார். எடுத்துத் தரச் சொல்லி அவள் பார்த்ததே அவரைத்தான்.

"உங்களுக்கு எப்படிங்க இருக்குது மாப்பிள்ளை?" என்று போகும்போது கேட்டார்.

"எனக்கென்ன?" என்றேன்.

எனக்கு ஒன்றுமில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

செயலாளர் வெங்கிடுபதி முறைப்படி அறிவிப்புப் போட்டுவிட்டார். ஜனவரி 19, ஞாயிறு காலை பத்து மணி, ஜாபரின் பேக்கரி மாடியில் பொதுக்குழு. ஒரே பொருள்: தோள் மட்டத் திருத்தத்தை நீக்குவது. கொண்டுவருபவர் சகாயமேரி.

நானும் சும்மா இருக்கவில்லை. திருத்தம் விழுந்தால் கவசப் பொறுப்பிலிருந்து மட்டுமல்ல, சாம்பல் வளையத்திலிருந்தே விலகுவேன் என்று குழுவில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேறு என்ன செய்வேன்? இந்தப் பத்துப் பேரைத் தவிர எனக்கு நண்பர்கள் என்று யாரும் கிடையாது. அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் ஒன்பது பேர் படித்துவிட்டார்கள்.

29 டிசம்பர், ஞாயிறு

தலை எண்ணிப் பார்த்தேன். நீக்க வேண்டும் என்பவர்கள் ஐந்து. கூடாது என்பவர்கள் நான்கு. இவர்களுக்குக் கவசத்தைப் பற்றிக் கவலை இல்லை, போர் முடிந்தால் எதை எழுதுவது என்ற பயம். ஒருவர் அன்றைக்குப் பழனியில் ஒரு காதுகுத்துக்குப் போகிறார். நேரில் வராதவருக்கு வாக்கில்லை. என்னைச் சேர்த்தால் ஐந்துக்கு ஐந்து. சமமானால் பழையபடியே நிற்கும் என்று விதி இருக்கிறது. ஆகவே என் வாக்கில் திருத்தம் பிழைக்கும்.

இரவல் வாங்க வேண்டியதில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. என் ஒரு வாக்கு போதும். நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

30 டிசம்பர்

வாக்களிப்பு விதியை எடுத்துப் படித்தேன். மூன்றாம் வருடப் பொதுக்குழுவில் ஒரு குழப்பம் நடந்தது. டீயா காப்பியா என்று வாக்கெடுத்தபோது ஒருவர் அரைகுறையாகக் கையைத் தூக்கினார். டீ வந்தது. தான் காதைச் சொறிந்ததாகச் சொல்லி அவர் சண்டைக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு விதி போட்டோம்.

'விதி 4. வாக்கு என்பது வலக்கையை முழுதாக மேலே தூக்குவது. மேற்கை (தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்பட்ட பகுதி) காதைத் தொட வேண்டும். தொடாத கை சொறியும் கையாகக் கருதப்படும்.'

மிகத் தெளிவான விதி. எழுதியது நான்.

5 ஜனவரி, ஞாயிறு

குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிறு ஒத்திகை. சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே நடத்திப் போக வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. முதல் கோடு குழாய்க்குச் சற்று மேலே. மூன்று நாளாக அதே இடம். அந்தச் சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சந்தேகம், கட்டியவன் சரியில்லை.

கருணாம்பிகை கோடுகளைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, செவுத்துல இதென்னுங்க?"

"பல்லி எவ்வளவு உயரம் ஏறுதுன்னு அளந்தேன்."

"நல்லா ஏறுதுங்களா?" என்றாள்.

"பரவாயில்லை" என்றேன்.

13 ஜனவரி

பொங்கலுக்கு முந்தின நாள், வாசலில் காப்புக் கட்டும் நாள். வருடா வருடம் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து முடிந்து நிலைவாசலுக்கு மேலே செருகுவது என் வேலை. காலையில் பூ வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், கருணாம்பிகை ஏற்கெனவே வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிவிட்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வாங்கி வந்த பூவை ஸ்கூட்டர் கைப்பிடியில் கட்டினேன். எனக்கு வருத்தமாக இருந்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

18 ஜனவரி

பல்லி முன்னேறவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேக்கரி மாடியில் பத்துப் பேரும் வந்துவிட்டோம். ஜாபர் எல்லாருக்கும் வர்க்கி வைத்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். திட்டமிட்டுத்தான் உட்கார்ந்தேன், சுவர் உதவும்.

டீச்சர் பேசினார். கையில் ஒரு தாள்கூட இல்லை. "நெடுங்கோ எட்டு வருசமா நடந்துட்டு இருக்கறானுங்க. அவனை நான் ஒரு எடத்துல நிறுத்தோணும். அவன் படையில இன்னும் ஏழாயிரம் பேரு உசுரோட இருக்கறாங்க. கையத் தூக்க முடியலைங்கற ஒரே காரணத்துக்காக அத்தனை பேரையும் கொல்ல எனக்கு மனசு வரலைங்க." அவ்வளவுதான் பேசினார்.

நான் அரை மணி நேரம் பேசினேன். சீல், அழுத்தம், கசிவு எல்லாம் விளக்கினேன். வரைபடத்தைக் காட்டினேன். நடுவில் ஜாபர் தண்ணீர் விஷயத்தைக் கிளப்பினார், அது இன்றைய பொருள் இல்லை என்று செயலாளர் அடக்கினார்.

வாக்கெடுப்பு. நீக்கலாம் என்பவர்கள்: ஐந்து கை எழுந்தது. டீச்சரின் கை நேராக, காதை ஒட்டி. நீக்கக் கூடாது என்பவர்கள்: நான்கு கை எழுந்தது. வெங்கிடுபதி எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

நானும் தூக்கினேன். கை தோள் மட்டம் வரை வந்தது. நின்றுவிட்டது.

உடம்பை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது, தலையும் கூடவே விலகிப்போயிற்று. பிறகு விரல்களைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாக நடத்தினேன். சுவரில் ஜாபரின் பேக்கரி காலண்டர் தொங்கியது. அதன் கீழ் ஓரம் வரை போனேன். ஜனவரி மாதத்தின் கடைசி வாரத்தைத் தொட்டேன். வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வாரத்துக்குப் போக முடியவில்லை. கீழே பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், போதும். எறக்குங்க" என்றார் டீச்சர்.

இறக்கினேன்.

"எத்தனை மாசமாச்சுங்க?"

"எது?"

"தோளு."

நான் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன். ஒரு கையால் சுருட்டுவது சிரமம்.

"எனக்கு எடது தோளுங்க சார். ஒண்ணரை வருசம்" என்றார். "தலைகூட மருமகதான் பின்னி உட்டா. எடது பக்கம் படுக்க முடியாது. நீங்க 'இடப்பக்கம் மட்டும் படுக்கணும்'னு போட்டப்பவே இவருக்கு வலதுன்னு நெனைச்சேன். அதான் எண்ணெய்க் குழாயைக் கேட்டேன். நீங்க சொல்லலை. சரி, சொல்லப் பிடிக்கலைன்னு உட்டுட்டேன்."

ஆக, முன்பக்கத் திறப்பு, இடக்கைக் கொக்கி, மர ஸ்கேல் என்று மூன்று மாதமாக என் உடம்பை ஏட்டில் ஏற்றி, அதைப் பத்துப் பேருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அந்த மாடியிலிருந்து குதித்து ஓடலாம் போல இருந்தது.

வெங்கிடுபதி தொண்டையைக் கனைத்தார். "இப்ப இதை எப்பிடிங்க எழுதறது? ஓட்டா, சொறியறதுங்களா?"

"ஓட்டுத்தான். அவரு தூக்கிட்டாரு. அஞ்சுக்கு அஞ்சுன்னு எழுதிக்கோங்க" என்றார் டீச்சர்.

"அப்பிடி எழுதுனா நீங்க தோத்துருவீங்க டீச்சர்."

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன். அவரு முடிஞ்ச வரைக்கும் தூக்கினாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. "விதி நாலு இருக்குது. மேற்கை காதைத் தொடணும். தொடலை. செல்லாது."

"செல்லும்."

"அந்த விதியை எழுதினவனே நான்தான். செல்லாதுங்கறேன்."

"நான் பார்த்தேன் சார். தொட்டுது."

"தொடவே இல்லை. காலண்டரைத்தான் தொட்டுது."

இப்படியே கால் மணி நேரம். ஜெயிக்க வேண்டியவர் தன்னைத் தோற்கடிக்கச் சொல்லி வாதாடுகிறார், நான் என்னைத் தோற்கடிக்கச் சொல்லி வாதாடுகிறேன். ஜாபர் இன்னொரு தட்டு வர்க்கி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் எந்தப் பக்கம் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். கடைசியில் வெங்கிடுபதி ஏட்டைத் திறந்து விதியைச் சத்தமாகப் படித்தார். செல்லாது. ஐந்துக்கு நான்கு. திருத்தம் நீக்கம்.

இனி நாற்பதாயிரம் பேரும் கையைத் தூக்கலாம். என்னைத் தவிர.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது டீச்சர் பின்னால் வந்தார். விலகுவதாக எழுதியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "செவுத்துல வெரலை நடத்துறது நல்ல பயிற்சிங்க சார். விடாமப் பண்ணுங்க. டாக்டரையும் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

20 ஜனவரி

குழுவைத் திறந்து பார்க்கவில்லை.

22 ஜனவரி

இன்றும் பார்க்கவில்லை. ஆபீசில் இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். என்னுடையது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

26 ஜனவரி, ஞாயிறு

காலையில் டீச்சரிடமிருந்து கடைசி அத்தியாயம் வந்தது. அச்சுக்குப் போகாமல் ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தாராம். 'கவசப் பொறுப்பாளர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன்' என்று மேலே ஒரு வரி. விலகிவிட்டேன் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் படித்துவிடலாம் என்று படித்தேன்.

நெடுங்கோ சாம்பல் வெளியின் நடுவே நடந்து வருகிறான். ஆயுதத்தைக் கீழே போடுகிறான். கைகளைத் தூக்குகிறான். கவசத்தில் இப்போது எந்தத் தடையும் இல்லை, தலைக்கு மேல் போக வேண்டிய கை. ஆனால் டீச்சர் அவனுக்கு எட்டு வருடப் போரில் வலத் தோளை இறுக வைத்திருக்கிறார். இடக்கை மேலே போகிறது. வலக்கை தோள் மட்டத்தில் நின்றுவிடுகிறது. எதிரே கீழ்க்கரையாரின் ஆயிரம் துப்பாக்கிகள். ஒரு கை மேலே, ஒரு கை நேராக. சரணடைகிறானா, பின்னால் இருப்பவர்களைச் சுடச் சொல்லி கை நீட்டுகிறானா என்று யாருக்கும் புரியவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்குகிறான். எழவில்லை. கீழ்க்கரைத் தலைவி மெல்ல நடந்து அவன் எதிரே வந்து நிற்கிறாள். அந்தக் கையையே பார்க்கிறாள். பிறகு தன் படையைத் திரும்பிப் பார்த்து, தன் வலக்கையைத் தூக்குகிறாள். தோள் மட்டம் வரை மட்டும். அவளுடைய ஆயிரம் பேரும் அதே அளவு தூக்குகிறார்கள்.

போர் முடிந்தது.

இரண்டு முறை படித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

'சரி. கவசப் பொறுப்பாளர்' என்று பதில் அனுப்பினேன்.

கருணாம்பிகை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் அவள் முன்னால் நின்றேன். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒன்று கேட்டதில்லை.

"இந்தச் சட்டையைக் கொஞ்சம் கழட்டி விடறியா" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. பொத்தான்களை அவிழ்த்தாள்.

"நல்ல கைய மொதல்ல உருவோணுமுங்க. நோவுற கை கடைசில. அண்ணனுக்கு அப்பிடித்தான் பண்ணுவோம்" என்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆயுத பூசைக்கு ஸ்கூட்டருக்கு மாலை போட்டுட்டு, செவுத்துல இருக்கற சாமி படத்துக்கு என்னையப் போடச் சொன்னீங்கல்ல, அப்பவேங்க."

அது அக்டோபர். டைரி தொடங்குவதற்கு முன்னால்.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றாள். "நாளைக்கு அவிய பார்த்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாரு. ஒரு கேலியும் பண்ண மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கறேன்."

27 ஜனவரி

துரைசாமி சத்தியத்தைக் காப்பாற்றினார். டாக்டர் அறைக்குள் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் தன் வலக்கையை நெற்றிக்குத் தூக்கி எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நான் இடக்கையால் திருப்பி அடித்தேன். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வெகுநேரம் சிரித்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு வருடம் தாமதம்தான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பல்லி கூரை வரை போய்விட்டது என்று பொய் எழுதலாம். எழுதவில்லை. முதல் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை.

இன்று ஏட்டில் ஏற்றிய திருத்தம்:

'விசைக்கவசம், மாதிரி 5. முதுகுப்பக்கம் திறக்கும். கழற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும். நல்ல கையை முதலில் உருவ வேண்டும். தண்ணீர் ஊற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை.'